அப்புறம் என்று ஓர் இடம்

நான் வேலை பார்க்கும் கல்லூரி வடசென்னையில் இருக்கிறது. வேதியியல் என் பாடம். எனினும், முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய சுற்றுச்சூழல் கல்வித் தாளும், துறையில் வேறு எவரும் விரும்பி ஏற்காத காரணத்தால், ஆண்டுதோறும் என் தலையில் வந்து விழுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு கையேட்டைப் புரட்டி, ஓசோன் படலம், அமில மழை, மரம் வளர்ப்பு என மூன்று பக்கம் நிரப்பினால் தேறிவிடலாம் என்பதே அத்தாளைப் பற்றி வளாகத்தில் நிலவும் எண்ணம். வருத்தம் என்னவென்றால், அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இந்த ஆண்டு வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "மேம், நாங்க பி.காம். படிக்கிறோம், எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்டான். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

அன்று நான் சொன்னது சட்ட விடை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயமாக்கப் பணித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது ஒழுங்காக நடைபெறாததால் 2003-இல் மீண்டும் வலியுறுத்தியது. இந்த ஆணைகளையொட்டியே பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. மாணவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். நீதிமன்றம் சொன்னதால் படிக்கிறோம் என்பது எதற்காகப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு விடையாகாது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். மாலையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்து முக்கால் மணி நேரம் நின்றபோது, சொல்லியிருக்க வேண்டிய விடை எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையின் நீட்சிதான் இப்பதிவு.

தமிழில் 'அப்புறப்படுத்துதல்' என்று ஒரு சொல் உண்டு. குப்பையை அப்புறப்படுத்தினார்கள், கழிவுநீரை அப்புறப்படுத்தினார்கள், சாம்பலை அப்புறப்படுத்தினார்கள் என்று நாளிதழில் படிக்கும்போது வேலை முடிந்துவிட்டதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலோ, ஒன்றை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. சென்னை மாநகரத்துக்கு அந்த 'அந்தப் பக்கம்' பல தலைமுறைகளாக வடக்கே இருக்கிறது. கொடுங்கையூரில் குப்பை, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பும் உரமும் பெட்ரோ ரசாயனமும், எண்ணூரில் நிலக்கரி. நாங்கள் அந்த அப்புறத்தில்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். இதே சொல்லைக் கதை கேட்கும் குழந்தையும் சொல்கிறது: "அப்புறம்?" அங்கே அது இடத்தைச் சுட்டாமல் காலத்தைச் சுட்டுகிறது, அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் என்பது இந்த இரண்டு அப்புறங்களையும் விடாமல் கேட்கும் துறை என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒரு பொருள் எந்தப் பக்கம் போயிற்று, போன இடத்தில் அடுத்து என்ன ஆயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்குள் அதன் பாடத்திட்டம் முழுவதும் அடங்கிவிடும்.

பாடநூல் தரும் இலக்கணம் இதைவிடப் பெரிது. காற்று, நீர், மண், உயிர்கள் ஆகியவற்றுக்கும் மனிதச் செயல்களுக்கும் உள்ள தொடர்பை இயற்பியல், வேதியியல், உயிரியல், புவியியல் முதலிய பல துறைகளின் துணையோடு ஆராய்வது என்று அது சொல்லும், தவறில்லை. சூழலியல் என்ற சொல்லை இதற்கு மாற்றாகப் பலர் வழங்குகிறார்கள். அது உயிர்கள் தம்மோடும் தம் வாழிடத்தோடும் கொண்ட உறவைப் பற்றிய தனித் துறை. எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் அதற்குப் பெயர் வைத்தார். சுற்றுச்சூழல் அறிவியல் அதையும் தன் கருவிகளுள் ஒன்றாக வைத்துக்கொள்கிறது. சுற்றுச்சூழல் ஆர்வலர் என்பவர் மற்றொரு வகை. ஆர்வலர் நிலைப்பாடு எடுக்கிறார், அறிவியலாளர் அளவு எடுக்கிறார். ஒருவரே இரண்டு வேலையையும் செய்யலாம். ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திணை வகுத்த மரபு நம்முடையது என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். நெய்தல் நிலத்தின் இன்றைய நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை அந்தப் பெருமை சொல்லிவிடாது, அதற்குக் குடுவையில் நீர் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல். என் பாட்டி மணலில் நடந்து போய்க் கடலில் கால் நனைத்ததாகச் சொன்ன இடத்தில் இன்று மணல் இல்லை. பாறாங்கற்களைக் கொட்டி எழுப்பிய சுவர்தான் இருக்கிறது. சிறுவயதில் கடல் கோபம் கொண்டு ஏறி வருகிறது என்று சொல்லக் கேட்டு அப்படியே நம்பினேன். காரணத்தைப் பிறகு படித்தபோது, கடலின்மேல் இருந்த வருத்தம் போய்விட்டது. நம் கரையோரமாக மணல் ஓர் ஆற்றைப் போல நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவத்து அலைகள் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அந்த அணையில் முட்டித் தேங்கியது. தேங்கிய பக்கம் கரை அகன்று மெரினா ஆயிற்று. மணல் வரத்து நின்றுபோன ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. மெரினாவின் அகலத்தைப் பார்த்து வியப்பவர்கள், எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டிய மணலின்மேல் உட்கார்ந்துதான் சுண்டல் சாப்பிடுகிறார்கள்.

மணல் துறைமுகத்தையும் சும்மா விடவில்லை. கிழக்கு நோக்கி இருந்த அதன் வாயில் தூர்ந்துகொண்டே வந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் இருந்தபோது வாயிலை வடகிழக்குப் பக்கமாக மாற்றி அமைத்தார்கள். கப்பலுக்கு வந்த சிக்கல் அவ்வாறு தீர்ந்தது. கரைக்கு வந்த சிக்கல் வடக்கே நகர்ந்தது. ராயபுரத்தைக் காக்கக் கல் சுவர் எழுப்பினால் அரிப்பு அதற்கு அடுத்த குப்பத்தில் தொடங்குகிறது, அங்கும் சுவர் எழுப்பினால் அதற்கும் வடக்கே போகிறது. சுவர் மணலை உண்டாக்குவதில்லை. இருக்கும் பற்றாக்குறையை இன்னொருவர் வாசலுக்கு அனுப்புகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓரிடத்தில் போட்ட கல் இன்றைக்குப் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு தெருவைக் கடலுக்குள் கொண்டுபோகிறது என்பதை வெறும் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மணல் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கு வைத்தவர்களால்தான் அது தெரிய வந்தது.

கணக்கு என்றதும் அந்த மாணவனின் நினைவு வருகிறது. வணிகவியலில் முதலில் கற்பிப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுத வேண்டும்; எழுதாவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு ஒத்துப்போகாது. பொருள் அழிவதில்லை என்று பள்ளி வேதியியலில் படித்த விதியும் இதையேதான் சொல்கிறது. ஆலையின் கணக்கில் 'அப்புறப்படுத்திய செலவு' என்று ஒரு வரி இருந்தால், வேறொருவர் பேரேட்டில் அது வந்து சேர்ந்த வரி இருந்தாக வேண்டும். அந்தப் பேரேட்டை ஆறும் நண்டும் நுரையீரலும் வைத்திருப்பதால் தணிக்கையாளர் அங்கே போவதில்லை. பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். இங்கும் ஒரு 'புறம்' இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத பேரேடுகளில் முதன்மையானது நிலத்தடி நீர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மணல் சேர்த்து வைத்த படுகை நகரத்துக்கு வடக்கே நல்ல நீரைச் சேமித்து வைத்திருந்தது. 1960களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அப்படுகையை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகளை அமைத்து, நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். வயல்களுக்கும் அதே படுகையிலிருந்துதான் இறைத்தார்கள். கடலோரத்தில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீரின் அடர்த்தி சற்றே கூடுதல், நூற்றுக்கு இரண்டரை பங்கு. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்து நெதர்லாந்தின் பாடன் கைபென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பர்க் 1901-இலும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே கணக்கைப் போட்டார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நல்ல நீர் இருக்கும். திருப்பிப் படித்தால் அச்சமூட்டும் கணக்கு இது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். மீஞ்சூரில் நடந்தது அதுதான். கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987-இல் தனிச் சட்டமே வந்தது. 2010-இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நல்ல நீரை உறிஞ்சி எடுத்த இடத்தில் உப்பை வரவழைத்து, பிறகு உப்பிலிருந்து நல்ல நீரைப் பிரிக்கப் பணமும் மின்சாரமும் செலவிடுகிறோம்.

நீரில் கரைந்த திண்மங்களை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போவது என் வழக்கம். குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீரில் அது ஏறத்தாழ 35,000. மாணவர்கள் தத்தம் வீட்டு போர் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து வரிசையாக அளந்து, எண்களை ஊர்ப் பெயரோடு கரும்பலகையில் எழுதுவார்கள். அதுவரை கைப்பேசியில் இருந்த தலைகள் அப்போது நிமிரும். தன் தெருவின் எண் பக்கத்துத் தெருவின் எண்ணைவிட ஏன் இரண்டு மடங்கு என்று ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டால், அன்றைக்கு நான் எதையும் நடத்த வேண்டியதில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி எழுதாமல் இப்பகுதியில் இருந்துகொண்டு இத்துறையைப் பற்றி எழுத முடியாது. கொசஸ்தலையாறு கடலோடு சேரும் இடம் அது; வடக்கே பக்கிங்காம் கால்வாய் வழியே பழவேற்காட்டு ஏரியோடு அதற்குத் தொடர்பு உண்டு. அலையாத்தி மரங்களும் சேறும் உப்பங்கழியும் சேர்ந்த அந்த நீர்ப்பரப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. வலை வீசுவோர் ஒருபுறம் இருக்க, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்போரும் அங்கு இருக்கிறார்கள். இந்தக் கரையில் 1970களிலிருந்தே அனல் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிக்கப்படுகிறது. இந்திய நிலக்கரியில் முப்பது முதல் நாற்பது விழுக்காடு வரை சாம்பல் உண்டு. மூன்று லாரி நிலக்கரியை எரித்தால் ஒரு லாரி சாம்பல் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். அதை நீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடையும், சாம்பல் ஆற்றில் படியும். காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என் மாணவர்களிடம், "அப்பல்லாம் கோல் எட்டாது கண்ணு, இப்ப இடுப்பு மட்டுந்தான்" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

அந்த இடுப்பளவை நான் மிக முக்கியமான தரவாகக் கருதுகிறேன். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகம் சூடேறுவதைப் பற்றி இன்று உறுதியாகப் பேச முடிவதற்கு, ஒரே இடத்தில் ஒரே வாயுவை விடாமல் அளந்த அந்தக் குறிப்பேடு ஒரு பெரிய காரணம். எண்ணூர் ஆற்றின் ஆழத்துக்கு அப்படியொரு குறிப்பேட்டைக் காலங்காலமாகச் சுமந்து வந்தவை மீனவர்களின் கோலும் உடம்பும்தான். தொடக்க அளவு தெரியாமல் இழப்பைக் கணக்கிட முடியாது. ஆகையால் இத்துறை கற்றவர் அந்தப் பெரியவரின் சொல்லை நினைவேக்கம் என்று ஒதுக்காமல், எந்த ஆண்டு, எந்த இடம், எந்தக் கோல், ஓதமா வற்றமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே நேரத்தில், சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடவும் கூடாது. சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை சிறிதளவு உண்டு. உயிர்வளி (ஆக்சிஜன்) இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடும், அது சிறு மீனிலிருந்து பெரு மீனுக்குப் போகப் போகச் செறிவு கூடும். ஆனால் ஆற்றில் சாம்பல் இருக்கிறது என்பதாலேயே அந்த ஆற்று மீன் நஞ்சாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. மீனை எடுத்து அளந்த பிறகே அதைச் சொல்லலாம். இந்தக் கட்டுப்பாடு சில நேரம் கொடுமையாகவும் மாறும். ஜப்பானின் மினமாட்டாவில் பூனைகள் சுழன்று விழுந்து செத்ததையும், பிறகு மனிதர்களுக்கு நடுக்கம் வந்ததையும் முதலில் கண்டவர்கள் மீனவக் குடும்பத்தினர். நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆலைக் கழிவிலிருந்த பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் ஆதாரம் போதாது என்ற பெயரில் கழிந்தன. கவனமாகப் பேசுவதும் காலம் கடத்துவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

கழிமுகத்துக்கு வந்திருக்கும் புதிய சிக்கல் காக்கா ஆழி. கருமையான ஓட்டோடு கூடிய இந்தச் சிறு மட்டி தென் அமெரிக்கப் பக்கத்துக் கடற்கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் கடலில் நிலைகுலையாமல் இருப்பதற்காக அடியில் ஏற்றி வந்து வேறு துறைமுகத்தில் கொட்டும் நீரோடு இத்தகைய உயிர்கள் கடல் தாண்டுகின்றன. ஆற்றின் அடித்தரை முழுவதும் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் சேற்றில் புதைய இடமில்லாமல் செய்துவிடுகிறது. கையால் தடவிப் பிடிப்போரின் விரல்களை அதன் ஓடு கிழிக்கிறது. புகை இல்லை, நாற்றம் இல்லை, நிறமும் மாறவில்லை. மாசு என்றால் கரிய புகையும் நுரைத்த நீரும் என்று பழகிய கண்ணுக்கு இது மாசாகவே தோன்றாது.

வெந்நீரும் அப்படித்தான். மின் நிலையங்களைக் குளிர்வித்து வெளிவரும் சூடான நீரில் நஞ்சு எதுவும் இல்லாவிட்டாலும் மீனுக்குத் தொல்லைதான். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயிர்வளி கரையும்; 35 பாகையில் ஏழு மில்லிகிராம் அளவே கரையும். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது, அதே சூட்டில் நீரில் மூச்சு குறைகிறது. இதனோடு சாக்கடையும் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் உயிர்வளியையும் எடுத்துக்கொள்ளும். அந்தத் தேவையை அளக்கும் பி.ஓ.டி. சோதனையை இங்கிலாந்தில் 20 பாகையில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள்; அந்நாட்டு ஆற்று நீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்ற கணக்கில் அமைந்தது என்பார்கள். நம் நாட்டில் 27 பாகையில் மூன்று நாள் போதும் என்று மாற்றிக்கொண்டோம். பாடநூலில் இது ஒரு வரி. எனக்கு அதுவே பிடித்த வரி. நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற அளவுகோலை நாமே வைத்துக்கொண்டதன் அடையாளம் அது.

காற்றைப் பற்றி வடசென்னைக்காரர்களிடம் அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்த இரவில் எந்தப் பக்கத்து நாற்றம் வரும் என்பதைக் காற்றின் திசையை வைத்தே சொல்லிவிடுவார்கள். பகலில் கடற்காற்று ஆலைப் புகையை மாதவரம் பக்கமாக உள்ளே தள்ளும், இரவில் நிலக்காற்று அதைக் கரைக்குத் திருப்பும். மார்கழி, தை விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்பதால் புகை மேலே ஏறாது. போகிப் பண்டிகை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்கிறது. நுரையீரலின் அடிவரை போகும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம்; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை 5 என்று வைத்தது. நுரையீரல் ஒன்றுதான், எண் எட்டு மடங்கு வேறுபடுகிறது. எவ்வளவு துகளால் எவ்வளவு நோய் என்பதை அறிவியல் சொல்கிறது. எவ்வளவு நோயைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அரசு முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது' என்ற அறிக்கையைப் படித்துவிட்டு ஆபத்தே இல்லை என்று எண்ணுகிறோம்.

2023 டிசம்பர் மாதத்தை இங்கிருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்திலும், படகுகளிலும், வலைகளிலும், வீட்டுச் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெயை அள்ளிய அதே கைகள் மறுபடியும் அள்ளின. அதே 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தை ஒட்டிக் கடலடியில் சென்ற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். அமோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு; ஈரம் உள்ள கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் அது முதலில் தாக்குவதற்கு அதுவே காரணம், நனைத்த துணியை மூக்கில் வைத்தால் ஓரளவு காப்பதற்கும் அதுவே காரணம். அமோனியா தயாரிக்கும் ஹேபர் முறையை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன், வெப்பம், அழுத்தம், வினையூக்கி எதையும் விட்டதில்லை. அந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதையோ, கசிந்தால் ஈரத்துணி வேண்டும் என்பதையோ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போபால் நகரம் 1984 டிசம்பரில் நச்சுவாயுக் கசிவால் ஓரிரவில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பதையும் ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் கேட்டுவந்திருக்கிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. நம் வீடுகளில் 70-க்கு மேல் வாங்கினால் இனிப்பு வாங்குவோம்; அந்தப் பட்டியலில் 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி என்று பொருள். மணலிக்கு 76.32 கிடைத்தது. மணலியிலிருந்து வரும் மாணவர்கள் என் வகுப்பில் எப்போதும் பத்துப் பேராவது இருப்பார்கள். தம் ஊருக்கு அப்படியொரு மதிப்பெண் உண்டு என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊர் நாறுகிறது என்று எழுதிய மனுவுக்கு வராத பதில், ஊரின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய மனுவுக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். எப்போதும் அல்ல, சில வேளைகளில்.

இந்தப் பருவத்தில் கையேட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே ஒப்படைப்பு கொடுத்தேன். வீட்டிலிருந்து வெளியேறும் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது போகும் இடத்தைக் கட்டம் கட்டமாகப் பேரேட்டில் எழுத வேண்டும். முதல் வாரத்தில் கேள்வி கேட்ட பி.காம். மாணவன் வியாசர்பாடிக்காரன். அவன் தன் வீட்டுக் கழிப்பறை நீரை எடுத்துக்கொண்டான். தெருக் குழாயிலிருந்து கழிவுநீர் உந்து நிலையம், அங்கிருந்து கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று போய், அந்த நீரில் ஒரு பகுதியைச் சவ்வு வழியே மேலும் தூய்மையாக்கி மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து வந்தான். 2019-இல் தொடங்கிய அந்த நிலையம் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் தரவல்லது. "நம்ம வீட்டுத் தண்ணியை ஃபேக்டரி காசு குடுத்து வாங்குது மேம்" என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்த மலர்ச்சியை எந்த விடைத்தாளிலும் நான் பார்த்ததில்லை. ஆலைகள் நன்னீருக்குப் பதில் இதைப் பயன்படுத்துவதால் ஏரி நீர் எவ்வளவு மிஞ்சும் என்று பெருக்கியும் காட்டினான்.

நோட்டை வாங்கித் திருத்தியபோது கடைசிப் பக்கத்தைக் கவனித்தேன். சவ்வு வடிகட்டியில் நல்ல நீர் ஒரு பக்கம் வரும், உப்புச் செறிந்த நீர் மறுபக்கம் மிஞ்சும் என்று படம் போட்டிருந்தான். நல்ல நீருக்கு அம்புக்குறி மணலிக்குப் போயிற்று. மிஞ்சிய நீருக்கான அம்புக்குறி காலியான ஒரு கட்டத்தில் முடிந்தது. அதற்குள் பென்சிலால் 'அப்புறம்?' என்று எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தின் வரைவை அடியில் ஒட்டியிருந்தான். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்திருக்கிறேன்.